முதலில் விழ வேண்டிய எண்

முப்பத்தொன்பது மணி நேரமாகக் கார் எங்கள் வாசலிலேயே நின்றது. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு அப்பா அதை ஓட்டி வந்து நிறுத்தினார். அதற்குப் பிறகு சாவியைத் தொடவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் போனபோது பானெட்டின் மேல் முருங்கைப் பூ உதிர்ந்து ஒட்டியிருந்தது. அதைத் தட்டிவிட்டுத் திறந்தேன்.

அப்பா பெயர் ஜெகதீசன். இருபத்திரண்டு வருடமாகக் கார் ஓட்டுகிறார். கடைசி நான்கு வருடமாகப் பாடியைத் தாண்டி இருக்கும் ஒரு கம்பெனிக்கு வண்டி விடுகிறார். திருநின்றவூரில் எங்கள் வீட்டிலிருந்து விடிவதற்கு முன்னால் கிளம்பி, பருத்திப்பட்டு அடுக்குமாடிகளில் நான்கு பெண்களை ஏற்றிக்கொண்டு, ஆறு மணி ஷிப்ட்டுக்கு இறக்கிவிட வேண்டும். ஈரோடு, தென்காசி என்று எங்கிருந்தோ வேலைக்கு வந்தவர்கள். ஏறி உட்கார்ந்ததும் தூங்கிவிடுவார்கள். கம்பெனி வாசலில் அப்பாதான் எழுப்புவார். தன் வண்டியில் யாருக்கும் தூக்கம் கலையாது என்பது அவர் தன்னைப் பற்றிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஒரே விஷயம்.

அந்த வண்டி இரண்டு வாரத்தில் ஐந்து முறை நடுவழியில் நின்றுவிட்டது. கடைசியாக வெள்ளிக்கிழமை, ஷிப்ட் முடிந்து அவர்களைக் கூட்டி வரும்போது, பாடி மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்றது. பின்னால் சரிந்தது. அப்பா கைப்பிரேக்கை இழுத்துப் பிடித்தபோது பின்னால் இருந்த லாரிக்கும் எங்கள் காருக்கும் நடுவில் ஒரு ஆள் நுழைய இடம் இல்லை. அந்த நான்கு பெண்களில் ஒருத்தி கம்பெனியில் சொல்லிவிட்டாள். அங்கே வண்டிகளைக் கவனிக்கும் ஸ்ரீநாத் அன்று இரவே போன் செய்தார். என்ன கோளாறு, சரி செய்தாகிவிட்டதா என்று ஞாயிறு மாலை ஐந்து மணிக்குள் தனக்குத் தெளிவாகச் சொல்ல வேண்டும், இல்லையென்றால் திங்கட்கிழமையிலிருந்து வேறு வண்டி என்றார். மரியாதையாகத்தான் சொன்னார்.

அப்பாவுக்கு இது கிராங்க் சென்சரின் வேலை என்பதில் சந்தேகமே இல்லை. எஞ்சின் சுற்றுவதைக் கவனித்து வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் சின்னப் பொருள் அது. உள்ளே தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி ஆயிரக்கணக்கான சுற்று இருக்கும். சூட்டில் அந்தக் கம்பி எங்காவது விட்டுப்போனால் சைகை நின்றுவிடும், எஞ்சினும் நின்றுவிடும். ஆறினால் கம்பி மறுபடி சேர்ந்துகொள்ளும். அதனால்தான் இதைக் கண்டுபிடிப்பது கஷ்டம். நின்ற வண்டி ஷெட்டுக்குப் போகும்போது நன்றாகவே இருக்கும்.

ஆவடியில் ஷெட் வைத்திருக்கும் அப்துல் ரசாக் பத்து நாளைக்கு முன்பே ஸ்கேனரை மாட்டிப் பார்த்தார். அதில் எதுவும் காட்டவில்லை. இருந்தாலும் அப்பா சொன்னார் என்று கிராங்க் சென்சரை மாற்றிக் கொடுத்தார். அதற்குப் பிறகும் மூன்று முறை நின்றது.

"பாய் போட்டது டூப்ளிகேட்டு" என்றார் அப்பா. "மீட்டர்ல வச்சிப் பாரு எழிலு, மாட்டிக்கும்."

நான் இயற்பியல் படித்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் அளவுக் கருவிகளைச் சரிபார்த்துத் தரும் ஒரு சிறிய லேபில் வேலை செய்கிறேன். பல கம்பெனிகளிலிருந்து மீட்டர்கள் வரும். அவை சரியாகக் காட்டுகின்றனவா என்று பார்த்து, காட்டியதை அப்படியே எழுதி அனுப்புவோம். நாள் முழுவதும் யாரோடும் பேச வேண்டியிருக்காது. வீட்டில் என்னிடம் இருப்பது மலிவான மஞ்சள் மல்டிமீட்டர். கல்லூரி இரண்டாம் வருடத்தில் வாங்கியது.

அப்பா சாக்குப்பையை விரித்துப் படுத்து ஒரே ஒரு போல்ட்டைக் கழற்றி சென்சரை வெளியே எடுத்தார். கழற்றிப் போட்ட பழைய சென்சரும் டாஷ்போர்டுக்குள் இருந்தது. இரண்டையும் துடைத்துத் திண்டின் மேல் வைத்தேன். புதியது 874 ஓம் காட்டியது. பழையது 869. இரண்டும் இருக்க வேண்டிய அளவு. கம்பிக்கும் சென்சரின் வெளி உடம்புக்கும் நடுவில் கசிவு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

ஆறியிருக்கும்போது நன்றாகத்தான் இருக்கும், சூட்டில் பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். அப்பா முகம் தெளிந்தது.

இரண்டு சென்சரையும் பால் கவரில் போட்டுக் கட்டி, கொதித்து இறக்கிய தண்ணீரில் முக்கினேன். அம்மா அடுப்படி வாசலில் நின்று பார்த்தாள். அம்மா பெயர் நாகம்மா. வெள்ளிக்கிழமையே வண்டிக்கு எலுமிச்சம்பழம் சுற்றி, வாசலில் போட்டு மிதித்து நசுக்கிவிட்டாள். அதனால் தன் பங்கு வேலை முடிந்துவிட்டது என்ற நிதானத்தில் இருந்தாள்.

"அந்தக் குண்டான்ல இனிமே இன்னாத்த ஆக்கறது? உங்கப்பனுக்கு ரசம் வைக்கறேன். ஆயில் வாசனையோட குடிக்கட்டும்."

மீட்டரில் எண் மெதுவாக ஏறியது. கம்பி எங்கேயாவது விட்டுப்போனால் எண் மறைந்து ஒற்றை ஒன்று மட்டும் திரையின் ஓரத்தில் நிற்கும். நான் அதற்காகக் காத்திருந்தேன். அப்பாவும் என் தோளுக்குப் பின்னால் குனிந்து காத்திருந்தார். எண் 900 ஆயிற்று, 960 ஆயிற்று. புதியது 1021-இல் நின்றது. பழையது 1016. செம்பு சூடானால் எவ்வளவு ஏற வேண்டுமோ அவ்வளவுதான் ஏறியிருக்கிறது. தண்ணீருக்குள்ளேயே இடுக்கியால் இரண்டையும் தட்டினேன். எண் அசையவில்லை.

பழையதும் நல்ல சென்சர். அதை மாற்றியிருக்கவே வேண்டாம்.

இதைச் சொன்னதும் அப்பா பழைய சென்சரை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பிறகு, சென்சர் இல்லையென்றால் அதற்குப் போகும் ஒயரில் இருக்கும் என்றார். அதுவும் நியாயமான பேச்சுதான். ஒயர் உள்ளே அறுந்திருந்தால் குலுங்கும்போது மட்டும் விட்டுப்போகும். அதை நிற்கும் வண்டியில் பிடிக்க முடியாது.

சென்சரைத் திரும்ப மாட்டச் சொன்னேன். அதன் சாக்கெட்டின் பின்பக்கமாக இரண்டு குண்டூசிகளைச் செருகி, ஒன்றோடொன்று படாமல் டேப் சுற்றினேன். அவற்றிலிருந்து இரண்டு நீளமான ஒயர்களைப் பானெட்டின் ஓரமாக வெளியே எடுத்து, இடது பக்கக் கண்ணாடி வழியாக உள்ளே கொண்டுவந்து மீட்டரில் இணைத்தேன். மீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து மடியில் வைத்துக்கொண்டேன். அப்பா செல்ஃப் அடித்தார். எண் துள்ளி எழுந்து 2.4-இல் நின்றது. ஆக்சிலேட்டரை அழுத்தினால் ஏறியது. இந்த மலிவு மீட்டர் இவ்வளவு வேகமான அலைக்குச் சரியான அளவைக் காட்டாது. ஆனால் எனக்கு அளவு வேண்டாம். சைகை இருக்கிறதா, போய்விட்டதா, எப்போது போகிறது என்று தெரிந்தால் போதும்.

ஒயரிலோ சென்சரிலோ கோளாறு இருந்தால் முதலில் என் மடியில் எண் விழும். அதற்குப் பிறகுதான் வண்டி நிற்கும். இதை நான் அப்பாவிடம் விளக்கினேன்.

"அப்ப நீ அத்தயே பாத்துகினு இரு" என்றார். "என்னாண்ட பேச்சு குடுக்காத."

ஆவடி போகும் சி.டி.எச். ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைக்கும் கூட்டம் குறைவதில்லை. பட்டாபிராம் வரை எதுவும் நடக்கவில்லை. நான் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறியது, இறங்கியது, ஏறியது. வெயிலில் திரை சரியாகத் தெரியாமல் துப்பட்டாவை மேலே பிடித்துக்கொண்டேன். கண் வலித்தது. நேற்று முழுவதும் லேபில் இதே வேலை. கொஞ்ச நேரம் தூங்கினால் நன்றாக இருக்கும் போல் இருந்தது.

ஆவடி மார்க்கெட்டுக்கு முன்னால் வண்டிகள் ஊர்ந்தபோது நின்றது.

"பாத்தியா" என்றார் அப்பா உடனே. "தானா ஆஃப் ஆச்சு. போச்சா நம்பரு?"

போயிருந்தது. ஆனால் போன வரிசை தவறாக இருந்தது. முதலில் வண்டி குலுங்கியது. என் தலை முன்னால் போய் வந்தது. அந்தக் குலுங்கலுக்குள்தான் எண் 2.3, 1, பூஜ்யம் என்று இறங்கியது. எஞ்சின் சுற்றிய கடைசிச் சுற்று வரைக்கும் சென்சர் ஒழுங்காகச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

சரியாகப் பார்க்கவில்லை, இன்னொரு தடவை பார்க்கலாம் என்றேன். அப்பா செல்ஃப் அடித்தார். உடனே கிளம்பியது.

அடுத்த சிக்னல் வரும்போது நான் மீட்டரைப் பார்க்கவில்லை. துப்பட்டாவை மேலே பிடித்தபடியே அதற்கு அடியில் அப்பாவின் காலைப் பார்த்தேன்.

முன்னால் பஸ் நின்றது. அப்பா வலது காலால் பிரேக்கை அழுத்தினார். இடது முழங்கால் கீழே இறங்கியது. தொடைத் தசை இறுகியது. கிளட்சை முழுவதுமாக அழுத்துகிற ஒருவரின் கால் எப்படி இருக்குமோ அப்படியே இருந்தது. ஆனால் பாதம் கிளட்சின் மேல் இல்லை. அதன் இடது ஓரமாக வழுக்கி, தரையில் இருந்தது. அவர் முழுப் பலத்தோடு கீழே விரித்திருந்த ரப்பர் மேட்டை அழுத்திக்கொண்டிருந்தார்.

வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த ஸ்கூட்டர் கிறீச்சென்று பிரேக் போட்டுச் சாய்ந்தது. ஓட்டி வந்த பெண் காலை ஊன்றிச் சமாளித்தாள். அவள் முன்னால் நின்றிருந்த குழந்தையின் கை எங்கள் கார் கண்ணாடியில் பட்டது. அவள் ஏதோ திட்டினாள். அப்பா கையைத் தூக்கி, வண்டியைக் காட்டி, விரலை ஆட்டினார். வண்டி சரியில்லை என்று சொல்லும் சைகை.

"இப்பப் பாத்தியா?"

நான் தலையாட்டினேன். மடியில் மீட்டர் பூஜ்யம் காட்டியது.

ஒன்பது வருடமாக அப்பாவுக்குச் சர்க்கரை இருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறார். பாதம் பற்றி வீட்டில் யாரும் எதுவும் கேட்டதில்லை. அவரும் சொன்னதில்லை. அவருக்கு எவ்வளவு தெரியும் என்று நான் யோசித்தேன். வண்டி தானாக நிற்கிறது என்று அவர் சொல்வது பொய் இல்லை என்றுதான் தோன்றியது. அவர் அழுத்துகிறார். அழுத்தியதும் வண்டி நின்றுவிடுகிறது. அவருக்குக் கிடைக்கிற செய்தி அவ்வளவுதான்.

நேராக ரசாக்கின் ஷெட்டுக்குப் போனோம். ஞாயிற்றுக்கிழமை என்பதால் பாதி ஷட்டர் இறக்கியிருந்தது. ரசாக் பெஞ்சில் உட்கார்ந்து மாம்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். என் மீட்டரையும் ஜன்னல் வழியாக வரும் ஒயர்களையும் பார்த்துச் சிரித்தார்.

"அண்ணாத்தே, வண்டிக்கு ட்ரிப்ஸு ஏத்திகினு வர்றியா?"

"உன் டூப்ளிகேட்டுக்கு இதான் வைத்தியம்" என்றார் அப்பா.

"ஒரிஜினல் போட்டாலும் நீ டூப்ளிகேட்டுன்னுதான் சொல்லுவ. உன் கல்யாணத்துல போட்ட செயினயே நீ நம்பல."

அப்பாவும் சிரித்தார். எதிர்க் கடையில் டீ சொல்லிவிட்டு வருவதாகப் போனார். அவர் ரோட்டைக் கடக்கும் வரை ரசாக் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

சென்சர் இரண்டும் நன்றாக இருக்கின்றன, ஒயரும் நன்றாக இருக்கிறது என்றேன். அவர் ஆச்சரியப்படவில்லை. கத்தியைத் துடைத்துக் கீழே வைத்தார். வலது காலை அசைக்காமல், இடது காலால் மட்டும் தரையை இரண்டு முறை மெதுவாக மிதித்துக் காட்டினார். நான் ஆமாம் என்றேன்.

"பத்து நாளா தெரியும்மா. ட்ரையல் போவசொல்ல பக்கத்துலதான் குந்திகினு இருந்தேன்."

பிறகு ஏன் சென்சரை மாற்றினீர்கள் என்று கேட்டேன்.

"எங்க லைன்ல டிரைவர் எந்தப் பார்ட்ட சொல்றானோ அத்த மொதல்ல மாத்திட்றது. அதுக்கப்புறம்தான் மத்தது. அவன் கையில காலுல கோளாறுன்னு மெக்கானிக் வாயால சொல்றதில்ல. சொன்னா அவன் வேற ஷெட்டுக்குப் போவான். அங்கயும் மாத்துவான். எவனாவது ஒருத்தன் பம்ப மாத்துவான், போர்ட மாத்துவான். எங்கிட்டயே இருக்கட்டும்னு உட்டுட்டேன்." மறுபடி கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டு, "ஊட்டு ஆளுங்க சொல்லுவாங்கன்னு நெனச்சேன்" என்றார்.

அப்பா டீயோடு வந்தார்.

அன்று மதியம் முழுவதும் அந்த ஷெட்டில் இருந்தோம். கேம் சென்சரைப் பார்க்கச் சொன்னார் அப்பா. பார்த்தேன். ஐந்து வோல்ட் ஒழுங்காக வந்தது. டீசல் சூட்டைப் பார்க்கும் சென்சர், ஆக்சிலேட்டர் பெடலின் சென்சர், பேட்டரியின் எர்த், ரிலே. ஒவ்வொன்றாக அவர் சொன்னார், ஒவ்வொன்றாக நான் மீட்டரை வைத்தேன். ஒவ்வொரு முறையும் சரியாக இருக்கிறது என்றேன். அவர் முகம் நல்ல செய்தியைக் கேட்கிற முகமாக இல்லை. மூன்று மணி வாக்கில் எனக்குப் புரிந்தது, அவர் சந்தேகப்பட்டு எதையும் சொல்லவில்லை, ஏதாவது ஒன்று கெட்டிருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று. எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஒரு துருப்பிடித்த முனை, எலி கடித்த ஒயர், எது கிடைத்தாலும் போதும் என்று டார்ச்சை அடித்துத் தேடினேன். அந்த வண்டியை அப்பா அவ்வளவு நன்றாக வைத்திருந்தார். ஒன்றும் கிடைக்கவில்லை.

"இன்னொன்னு பாரு" என்றார்.

இனிமேல் பார்க்க எதுவும் இல்லை என்றேன். அவர் டிரைவர் சீட்டில் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்திருந்தார். நான் முன்னால் ஒரு பழைய டயரின் மேல் உட்கார்ந்தேன். முதுகு வலித்தது. ரசாக் ஒரு வண்டியின் அடியில் படுத்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார். அங்கே அவருக்கு வேலை எதுவும் இருந்ததாகத் தெரியவில்லை.

ஒரு தனி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சொல்வதென்றால் அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று மனதில் சொல்லிப் பார்த்தேன். டாக்டரிடம் போகலாம் என்று ஆரம்பிக்கலாம். கொஞ்ச நாள் ஓட்ட வேண்டாம் என்று ஆரம்பிக்கலாம். எப்படி ஆரம்பித்தாலும் நாளைக்கு விடியுமுன் பருத்திப்பட்டில் நான்கு பேர் ஏறி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்வார்கள் என்பதில்தான் வந்து நின்றது. மேம்பாலத்தில் லாரி இருந்த தூரம் நினைவுக்கு வந்தது.

ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் போன் அடித்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். ஸ்ரீநாத் முதலில் மன்னிப்புக் கேட்டார். மேலிடத்தில் கேட்கிறார்கள், தனக்கும் வேறு வழியில்லை, நாலு வருடத்தில் இதற்கு முன் உங்களைப் பற்றி ஒரு புகார் வந்ததில்லை, உங்களை விட்டுவிட எனக்கும் மனம் இல்லை என்றார். என்ன கோளாறு என்று ஒரு வரி சொன்னால் போதும், அதை அப்படியே மெயிலில் போட்டுவிட்டு நாளைக்கு உங்கள் பெயரையே வைத்துவிடுகிறேன் என்றார்.

"எம் பொண்ணு சயின்ஸ் படிச்சிது சார்" என்றார் அப்பா. "மீட்டர் கம்பெனில கீது. காலைலேந்து எல்லாத்தயும் அதான் செக் பண்ணிச்சி. அதே சொல்லும்."

போனை என் பக்கம் நீட்டினார். அவர் கண் என்னைக் கெஞ்சவில்லை. மிரட்டவும் இல்லை. காலையில் சென்சரைக் கழற்றி என் கையில் கொடுத்தபோது பார்த்தது போல, அடுத்து நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தது. ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சென்சர். மெயிலில் எழுத எளிதான வார்த்தை.

"சொல்லுங்க மேடம்" என்றது போன்.

எனக்குத் தெரியாத மனிதரிடம் போனில் பேசுவது எப்போதுமே கஷ்டம். ரசாக் தட்டுவதை நிறுத்தியிருந்தார்.

"சார், எல்லா சென்சரும் பார்த்தேன்" என்றேன். "வயரிங்கும் பார்த்தேன். ஓட்டிக்கிட்டே பார்த்தேன். வண்டியில எந்தக் கோளாறும் இல்ல சார்."

ஸ்ரீநாத் குழப்பமாகக் கேட்டார்.

"கோளாறு இல்லன்னா அப்ப ஏன் மேடம் நிக்குது?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அப்பா கீழே பார்த்தார். கிளட்சையும், அதன் பக்கத்தில் செருப்போடு இருந்த பாதத்தையும் பார்த்தார். வெகுநேரம் பார்த்தது போல் இருந்தது. பிறகு போனைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார். வழக்கமாகப் போனில் சத்தமாகப் பேசுகிறவர், பின்சீட்டில் யாரோ தூங்குகிறது போல மெதுவாகப் பேசினார்.

"வண்டி நல்லா கீது சார். என் எடது காலு மரத்துப்போச்சு. கிளட்ச்சு மேல கீதா, கீழ கீதான்னு எனக்கே தெரில சார்."